முன்பே எழுதி வைத்த முடிவு

அப்போது எனக்கு 24 வயது. கையில் ஒரு வேலை இருந்தது, மேற்படிப்புக்கு ஓர் இடமும் கிடைத்திருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மூன்று வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்றால் சும்மா இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் லாபம் அந்தப் பக்கம் நட்டம் என்று எழுதுவேன். காலையில் படித்துப் பார்த்தால் எல்லாம் தப்பாகத் தெரியும். மொத்தத்தையும் அடித்துவிட்டு மறுபடி கோடு போடுவேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவிடம் போய், "வேலையை விட்டுடறேன். படிக்கப் போறேன்" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மேசை டிராயரைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. மடிப்பு ஓரங்களை நகத்தால் அழுத்தி அழுத்திக் கூராக்கி வைத்திருந்தாள். நீல மையில் மேலே ஒரு தேதி. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே இரண்டு வரி. முதல் வரி: "படிக்கத்தான் போவான்."

இரண்டாவது வரி அன்றைக்கு என் மனதில் ஏறவே இல்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. கூடப் பிறந்தவள் என்னை இவ்வளவு புரிந்து வைத்திருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் என் சட்டைப் பையிலிருந்து யாரோ எதையோ எடுத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. தூக்கம் கெட்டு, தலை வலித்து நான் எடுத்த முடிவு முதல் நாளே அவள் டிராயரில் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் நான் எடுத்தது என்ன?

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பின்னாலேயே பல வருடம் போய்ப் படித்தேன். படித்ததில் எது எனக்கு உதவியது, எது உதவவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கோபத்தைத் தர்க்கமாக எழுதினால் இப்படி வரும். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தது என்றால் அது நடந்தே தீரும். நடந்தே தீரும் என்றால் வேறு மாதிரி நடந்திருக்க முடியாது. வேறு மாதிரி முடியாது என்றால் எனக்குச் சுதந்திரம் இல்லை. படிப்படியாக இறங்கினால் ஒவ்வொரு படியும் உறுதியாகத்தான் இருக்கிறது.

இதில் ஓட்டை எங்கே என்று ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் காட்டிவிட்டார். போயத்தியஸ் என்ற ரோமானியர். அரசவையில் பெரிய பதவியில் இருந்து, ராஜத் துரோகக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போய், சுமார் 524இல் கொல்லப்பட்டவர். சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த நாட்களில் அவர் எழுதிய நூலின் கடைசிப் பகுதி, கடவுளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்றால் மனிதனுக்கு ஏது சுதந்திரம் என்ற கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்படிப்பட்ட நிலையில் இருந்த ஒருவர் தன் கடைசி நாட்களை இதற்குச் செலவழித்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒருவர் நடந்து போவது எனக்குத் தெரிகிறது என்றால், அவர் நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் அந்த 'வேண்டும்' அவருடைய காலைப் பிடித்து இழுப்பதில்லை. அவர் நடக்கிறார், அதனால் எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிவதால் அவர் நடக்கவில்லை. கட்டாயம் இருப்பது அவருடைய காலில் இல்லை, 'தெரியும்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. பொய்த்துப்போன ஒன்றை நாம் 'தெரியும்' என்று சொல்வதில்லையே. அப்படி 'நினைத்தேன்' என்றுதான் சொல்வோம். நான் வேலையிலேயே இருந்திருந்தால் அக்காவும் "நீ படிக்கப் போவன்னு நெனச்சேன்" என்றுதான் சொல்லியிருப்பாள். நான் படிக்கப் போனதால் அது 'தெரியும்' ஆனது. அவளுடைய நினைப்பை அறிவாக மாற்றியது என் முடிவு. இதைப் புரிந்துகொண்ட நாளில் என் கோபத்தில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி ஏன் போகவில்லை என்று யோசித்தபோது, நாம் புழங்கும் சொற்களே கொஞ்சம் வேலை காட்டுகின்றன என்று தோன்றியது. 'விதி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை விதி, விளையாட்டு விதி, நியூட்டனின் இயக்க விதி, தலைவிதி. நாலுக்கும் ஒரே சொல். சாலை விதி ஒரு கட்டளை, அதை மீறலாம், மீறினால் அபராதம். நியூட்டனின் விதி கட்டளையே இல்லை. பொருள்கள் எப்படி நகர்கின்றன என்பதைச் சுருக்கிச் சொல்லும் வர்ணனை அது. எந்தக் கல்லும் நியூட்டனுக்குக் கீழ்ப்படிந்து விழுவதில்லை. தலைவிதியோ யாரோ ஒருவர் முன்பே விதித்தது. 'மூளையும் இயற்கை விதிப்படிதான் இயங்குகிறது' என்று யாராவது சொல்லும்போது, தலைவிதியின் ஒலியும் சேர்ந்தே நம் காதில் விழுகிறது. வர்ணனை ஒரு கைவிலங்காக மாறிவிடுகிறது.

'முடிவு' இன்னும் சங்கடமான சொல். தீர்மானத்துக்கும் அதே சொல், கடைசிக்கும் அதே சொல். ஆனால் எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது 'முடியும்'. நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் உட்கார்ந்திருக்கிறார். அவரால் இப்போது நீந்த முடியுமா? முடியும். திறமை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, யாரும் கையைக் கட்டவில்லை. சரி, இன்னொரு மாதிரி கேட்கிறேன். அந்த நொடியில் பிரபஞ்சம் முழுவதும் எப்படி இருந்ததோ அப்படியே வைத்து, அவர் மூளையில் ஓர் அணுவைக்கூட மாற்றாமல், அவர் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் நீந்தியிருக்க முடியுமா? இது வேறு கேள்வி. 'வேறு மாதிரி செய்திருக்க முடியுமா?' என்று விவாதிப்பவர்களில் பாதிப் பேர் முதல் கேள்விக்கும் மீதிப் பேர் இரண்டாவதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் முட்டாளாகத் தெரிவதற்கு இது போதும்.

ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் 1640களில் பிராம்ஹால் என்ற பிஷப்போடு இதைப் பற்றித்தான் வாதாடினார். வெளித்தடை எதுவும் இல்லாமல் இருப்பதே சுதந்திரம் என்றார். கரைக்குள் தடையில்லாமல் ஓடும் ஆற்று நீரும் அவர் கணக்கில் சுதந்திரமாகத்தான் ஓடுகிறது. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1748இல் ஒரு படி மேலே போய், இந்தச் சண்டையே சொற்களைப் பற்றியது, வரையறையைச் சரியாகப் போட்டால் முடிந்துவிடும் என்றார். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1788இல் இந்த மாதிரி சமாதானங்களைப் பரிதாபமான சாக்கு என்று ஒதுக்கினார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டதுதான் கஷ்டம். சொற்களைப் பிரித்து வைத்தால் பாதிச் சண்டை உண்மையிலேயே தீர்ந்துபோகிறது. ஆனால் வரையறையை மாற்றுவதால் மட்டும் என் மனதில் இருந்த கேள்வி போகவில்லை. 'தடை இல்லாமல் படிக்கப் போனாய், அதனால் நீ சுதந்திரன்' என்று யாராவது அன்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தால், 'நான் அதைக் கேட்கவில்லையே' என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் வரையறை என்பதே இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வதுதானா? இதில் எனக்கு வழி காட்டியது தத்துவம் இல்லை, கணக்கு. 1 ஒரு பகா எண்ணா? 1742இல் கோல்ட்பாக் என்ற கணிதவியலாளர், கணித மேதை ஆய்லருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் 1ஐப் பகா எண்ணாகவே எடுத்துக்கொண்டார். 1914இல் டி. என். லெமர் வெளியிட்ட பகா எண் பட்டியலும் 1இல்தான் தொடங்குகிறது. இன்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். நடுவில் 1 மாறிவிடவில்லை. யாரும் அதைப் பற்றிப் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவும் இல்லை. ஆனால் 1ஐ வெளியே வைத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. 12ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2×2×3. வரிசையை விட்டுவிட்டால் வேறு வழியே கிடையாது. எந்த எண்ணுக்கும் இப்படி ஒரே ஒரு வழிதான். 1ஐ உள்ளே விட்டால் 1×2×2×3, 1×1×2×2×3 என்று ஓயாமல் நீளும். அருமையான ஒரு தேற்றம் ஒவ்வொரு முறையும் '1ஐத் தவிர' என்று நொண்டிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

வரையறை நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தேற்றத்தைக் காப்பாற்ற இந்த வரையறை என்று கேட்கலாம். கேட்க வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பதுதான் நம் விருப்பம். போட்ட பிறகு எது கோட்டுக்கு உள்ளே வருகிறது என்பது நம் விருப்பம் இல்லை.

சுதந்திரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் எதையெல்லாம் செய்கிறோம்? ஒருவரைப் பாராட்டுகிறோம், குறை சொல்கிறோம். வாக்குக் கொடுக்கிறோம், வாக்கை நம்புகிறோம். 'அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று ராத்திரி படுக்கையில் புரள்கிறோம். இதெல்லாம் நிற்க எந்த வரையறை தேவையோ அதுதான் எனக்கு வேண்டும். இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் ஒரு வரையறை உடனே தோற்றுவிடுகிறது: 'யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாத செயல்தான் சுதந்திரமான செயல்' என்பது. ஏனென்றால் அந்தக் கணக்கில், பொய் சொல்லவே மாட்டார் என்று ஊரே உறுதியாக நம்பும் மனிதர்தான் பெரிய அடிமை. காசைச் சுண்டிப் போட்டு வாழ்கிறவன் சுதந்திர வீரன். நான் உயிரையே ஒப்படைக்கத் தயாராக இருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிவதால்தான் ஒப்படைக்கிறேன். அவர்களிடம் சுதந்திரம் குறைவு என்று சொல்லும் ஒரு வரையறையை என்னால் ஏற்க முடியாது.

'தன்னிச்சை' என்ற சொல்லிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. தன் விருப்பப்படி செய்வதற்கும் அந்தச் சொல்தான், காரணமே இல்லாமல் மனம்போனபடி செய்வதற்கும் அந்தச் சொல்தான். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது 1983இல் பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளர் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது எனக்கு உறைத்தது. சோதனைக்கு வந்தவர்களிடம், எப்போது தோன்றுகிறதோ அப்போது கையை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது கடிகாரத்தில் சுற்றும் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்லுங்கள் என்றார். அசைவுக்குச் சுமார் 550 மில்லிவினாடிக்கு முன்பே மூளையில் மின் அலை ஏறத் தொடங்கியது. எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்னதோ சுமார் 200 மில்லிவினாடிக்கு முன்புதான். மூளை முதலில் முடிவெடுக்கிறது, நமக்கு அப்புறம்தான் தெரிகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சானது. 2008இல் இன்னொரு குழு, இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை, பத்து வினாடி வரை முன்கூட்டியே, மூளைப் படத்தை வைத்துக் கணித்துக் காட்டியது. ஆனால் அந்தக் கணிப்பு சரியானது சுமார் 60 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும்.

நானும் ஒரு நாள் மேசையில் கையை வைத்து, கடிகார வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தேன். முள் 3ஐத் தாண்டியது, 4ஐத் தாண்டியது. எந்த நொடியை எடுப்பது என்பதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. 7க்கும் 8க்கும் நடுவில் எங்கேயோ விரல் எழுந்தது. நான் எழுப்பினேனா, எழுந்ததை நான் கவனித்தேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் புரிந்தது: இங்கே 'சுதந்திரமான முடிவு' என்று பெயர் வைத்திருப்பது, காரணங்கள் எல்லாவற்றையும் கவனமாக உருவி எடுத்துவிட்ட ஒன்றை. அந்த மூன்று வாரத்துக்கு நேர் எதிரானது இது. காரணம் எதுவும் இல்லாத இடத்தில் மூளை தன் இரைச்சலிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும்? அந்த மின் அலையே, மூளையின் தற்செயலான ஏற்ற இறக்கங்கள் சேர்ந்து ஒரு வரம்பைத் தொடுவதன் தடமாக இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷுர்கர் குழுவினர் காட்டினார்கள். சோதனையில் எனக்குக் குறை இல்லை. எதைச் சுதந்திரம் என்று வரையறுத்து அளந்தார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்களிடம்தான் குறை.

சரி, அக்கா வெறும் மனுஷி. தப்பாகவும் போயிருக்கலாம். தப்பே செய்யாத ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தால்? இங்கேதான் விஷயம் உண்மையிலேயே கனக்கிறது. நெல்சன் பைக் என்ற தத்துவவாதி 1965இல் இதைக் கூர்மையாகக் கேட்டார். நான் நாளை செய்யப்போவதை, தவறவே முடியாத ஒருவர் நேற்றே நம்பியிருக்கிறார். நேற்று முடிந்துவிட்டது, அதை என்னால் தொட முடியாது. அப்படியானால் நான் நாளை வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு என்ன அர்த்தம்? ஒன்று, அவர் தவறிவிட வேண்டும். இல்லை, நேற்று அவர் வேறு எதையோ நம்பியிருக்க வேண்டும். போயத்தியஸ் காட்டிய ஓட்டை இதில் இல்லை. 'தெரியும்' என்ற சொல்லின் மேல் இல்லாமல், கடந்த காலத்தின் மாறாத தன்மை மேல் கட்டிய வாதம் இது.

இதற்கு 14ஆம் நூற்றாண்டில் ஓக்கம் வில்லியம் என்ற ஆங்கிலத் தத்துவவாதி தொடங்கி வைத்த ஒரு பதில் உண்டு. அந்தத் தாளை வைத்தே அதைச் சொல்லலாம். மூன்று வாரத்துக்கு முன்பு டிராயரில் நீல மையில் 'படிக்கத்தான் போவான்' என்ற எழுத்து இருந்தது. இது முடிந்துபோன விஷயம், கெட்டியானது. ஆனால் 'மூன்று வாரத்துக்கு முன்பு டிராயரில் ஒரு சரியான கணிப்பு இருந்தது' என்பதும் கடந்த காலத்தைப் பற்றிய வாக்கியம்தானே? அது அன்றைக்கே கெட்டியாகிவிடவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கும் வரை அது காத்துக்கொண்டிருந்தது. கடந்த காலத்தைப் பற்றிய எல்லா உண்மைகளும் ஒரே அளவுக்குக் கடந்தவை அல்ல. தவறாத ஒருவரின் முன்னறிவும் இரண்டாவது வகை என்கிறது ஓக்கம் வழி.

நான் இதை நம்ப விரும்பினேன். ஆனால் முழுதாக முடியவில்லை. அக்காவின் விஷயத்தில் மை ஒன்று, அது சரியாகப் போவது வேறொன்று என்று பிரிக்க முடிகிறது. தவறவே முடியாதவர் என்றால் அந்த மையே என் நாளைய முடிவைப் பொறுத்தது ஆகிவிடுகிறது. அதைவிட, எழுதியவரே என்னைப் படைத்தவராகவும் இருந்தால்? அக்கா என்னைப் பார்த்து எழுதினாள். இந்தக் குணத்தோடு, இந்தச் சூழலில், இந்த நாளில் என்னை உண்டாக்கியவர் எழுதினால், அது படித்துச் சொன்னதா, இல்லை வரைந்து கொடுத்ததா? மொலினா என்ற ஸ்பானிய ஏசு சபைத் துறவி 1588இல், எந்தச் சூழலில் யார் தன் விருப்பப்படி எதைச் செய்வார் என்பதும் கடவுளுக்குத் தெரியும் என்று நடுவழி ஒன்று சொன்னார். அதை வைத்து, ஆதரித்த துறவிகளும் எதிர்த்த துறவிகளும் மோதிக்கொண்டார்கள். 1597 முதல் 1607 வரை ரோமில் விசாரணை நடந்து, யாரும் மற்றவரைக் கண்டனம் செய்யக் கூடாது என்ற உத்தரவோடு தீர்ப்பில்லாமல் நின்றது. இந்த இடத்தில் எந்த வரையறையும் எனக்கு நிம்மதி தரவில்லை. தெரிந்திருப்பது மட்டும் என்றால் எனக்குப் பயமில்லை. தெரிந்தவரே செய்தவர் என்றால், கேள்வி முன்னறிவைப் பற்றியதாகவே இல்லை, பொறுப்பைப் பற்றியது ஆகிறது. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை அவரும் ஏற்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிரேக்கர்களிடம் 'சோம்பேறி வாதம்' என்று ஒன்று இருந்தது. நோய் குணமாகும் என்று விதித்திருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாகும். ஆகாது என்று விதித்திருந்தாலும் அப்படியே. அதனால் மருத்துவரைக் கூப்பிடுவது வீண். ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் இதற்குச் சொன்ன பதிலை ரோமானிய எழுத்தாளர் சிசரோ குறித்து வைத்திருக்கிறார்: குணமாவது விதி என்றால், மருத்துவரைக் கூப்பிடுவதும் அதோடு சேர்ந்தே விதிக்கப்பட்டது. ஒன்றை விட்டு மற்றது வராது. இதைப் படித்த அன்றுதான் நான் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து மறுபடி பிரித்தேன். மடிப்பில் மை கொஞ்சம் மங்கியிருந்தது. இரண்டாவது வரி இப்படி இருந்தது: "மூணு வாரமாவது யோசிப்பான். யோசிக்கட்டும்."

அவள் என் முடிவை மட்டும் எழுதி வைக்கவில்லை. அந்த ராத்திரிகளையும், கோடு போட்ட நோட்டையும், அடித்து அடித்து எழுதியதையும் சேர்த்தே எழுதியிருந்தாள். என் யோசனையைத் தாண்டிக் குதித்து முடிவைப் பிடிக்கவில்லை. யோசனை வழியாகத்தான் அங்கே போயிருக்கிறாள். யோசிக்காமல் படிக்கப் போயிருந்தால் அவள் எழுதியதில் பாதி பொய்.

அப்புறம் ஒரு நாள் போனில் கேட்டேன், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, எதுக்கு மடிச்சு உள்ள வெச்ச?"

அக்காவுக்கு அந்தத் தாள் நினைவு வரவே கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் சொன்னாள்: "சொல்லியிருந்தா நீ அதைப் பத்தி யோசிச்சிருக்க மாட்டடா. என்னைப் பத்திதான் யோசிச்சிருப்ப."